பத்திரமான இடம்

எங்கள் வீட்டில் எதுவும் தொலைந்ததே கிடையாது. தேடப்பட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இது என் நைனாவின் வாதம். ஒரு சாமான் வாசற்படியைத் தாண்டி வெளியே போகாத வரைக்கும் அதைத் தொலைந்துபோனது என்று யாரும் சொல்லக் கூடாது என்பார். சொன்னால் கோபம் வரும். கோபத்தில் கையிலிருக்கும் திருப்புளியை எங்கேயாவது வைத்துவிடுவார். பிறகு அதையும் தேட வேண்டியிருக்கும்.

கரையான்சாவடியில், மெயின் ரோட்டிலிருந்து நாலு வீடு உள்ளே தள்ளி எங்கள் ஓட்டு வீடு. முன்னறைதான் நைனாவின் பட்டறை. தையல் மிஷின் ரிப்பேர் முக்கியத் தொழில். அது இல்லாத நாட்களில் கடியாரம், பெட்ரோமாக்ஸ் விளக்கு, சைக்கிள் என்று திருகாணி உள்ள எதுவானாலும் கழற்றுவார். கழற்றுவதில் அவருக்கு இருந்த ஆர்வம் திரும்ப மாட்டுவதிலும் இருந்தது. ஆனால் மாட்டும் நேரத்தில் ஏதாவது ஒரு திருகாணி மட்டும் தேடப்பட்டுக்கொண்டிருக்கும்.

ஆயுதங்களை மாட்டுவதற்கென்று அவர் சுவரில் வரிசையாக ஆணி அடித்து வைத்திருந்தார். அந்த ஆணிகளில் காலண்டர், லுங்கி, என் பள்ளிக்கூடத்துப் பை, ஒரு சரம் பூண்டு எல்லாம் தொங்கின. சுத்தியும் குறடும் தரையில் கிடந்தன. திருகாணிகள் கொட்டாங்குச்சிகளில் இருந்தன. மிஷின் எண்ணெய் பழைய மருந்து பாட்டிலில் இருந்தது. அதனால் ஒரு முறை இருமலுக்கு எனக்கு ஒரு கரண்டி மிஷின் எண்ணெய் கொடுத்துவிட்டார்கள். இருமல் நின்றுவிட்டது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

அம்மா பெருக்கும்போது கிடைக்கிற வாஷர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் போட்டு வைப்பாள். அடுக்கி வைக்க மட்டும் அவளுக்கு அனுமதி இல்லை. "எது எங்க கீதுன்னு எனக்குத் தெரியும், நீ எடுத்து வெச்சா யாருக்கும் தெரியாது" என்பது நைனாவின் கட்டளை.

தரையில் கிடந்த சாமான்களால் பெரிய ஆபத்து இல்லை. இரண்டு நாளில் யார் காலிலாவது குத்தும், கிடைத்துவிடும். ஆபத்து எல்லாம் விலை உயர்ந்த சாமான்களுக்குத்தான். அவற்றை நைனா தரையில் போட மாட்டார். பத்திரமான இடத்தில் வைப்பார். அந்த இடம் எவ்வளவு பத்திரமானது என்றால், வைத்துவிட்டு இரண்டடி நடப்பதற்குள் அவருக்கே அது தெரியாமல் போய்விடும். என் ஜாதகத்தை ஒரு வருஷம் தேடி, கடைசியில் ஒரு கிராமபோனின் குழாய்க்குள்ளிருந்து எடுத்தார்கள். என் வாழ்க்கை இன்றைக்கும் கொஞ்சம் கரகரப்பாகவே ஓடுவதற்கு நான் வேறு காரணம் தேடுவதில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் தொழில் நடந்ததற்கு ஒரே காரணம் மாமா. அம்மாவின் தம்பி. அப்போது அவருக்கு இருபது வயது இருக்கும். தொழில் கற்றுக்கொள்ள வந்து எங்களோடேயே தங்கிவிட்டவர். தொழில் எவ்வளவு கற்றுக்கொண்டாரோ தெரியாது, தேடிக் கொடுப்பதில் மன்னன். அதுவும் அவர் கையால் தேட மாட்டார். சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு நைனாவை ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"மாமா, அத்த வெக்கும்போது இன்னா நெனச்சிக்கினு இருந்தீங்க?"

நைனா எரிந்து விழுவார். காப்பித்தண்ணி இன்னும் வரலையே என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பார். மாமா எழுந்து அடுக்களைக்குப் போய், காப்பிக்கொட்டை டப்பாவுக்குப் பின்னாலிருந்து நைனா தேடிய அரத்தை எடுத்துக்கொண்டு வருவார். எனக்கு அது மந்திரமாகவே பட்டது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சீமையிலிருந்து வந்துகொண்டிருந்த தையல் மிஷின் ஊசி வருவது நின்றுபோயிருந்தது. ஊசி இல்லாத மிஷின், முக்காலிக்குச் சமம். யுத்தத்துக்கு முன்னால் நைனா எதற்கோ வாங்கிப் போட்ட ஊசிகள் ஒரு சிகரெட் டப்பா நிறைய இருந்தன. திடீரென்று அவருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. பூந்தமல்லியிலிருந்தும் வேலப்பன்சாவடியிலிருந்தும் தையல்காரர்கள் வந்து வாசலில் நின்றார்கள். நைனா டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு ஊசி எடுத்துக் கொடுப்பார். கோயிலில் குருக்கள் திருநீறு கொடுக்கிற தோரணை அதில் இருக்கும். டப்பாவின் மதிப்பு கூடக் கூட அவருக்குப் பயமும் கூடியது. அந்தப் பயத்தில்தான் அதை ஒரு பத்திரமான இடத்தில் வைத்தார்.

ஒரு நாள் காலையில் பூந்தமல்லி பாய் ஒருவர் வந்தார். பட்டாளத்துக்குச் சட்டை தைக்கும் வேலை எடுத்திருந்தவர். ஊசி உடைந்து நாலு பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். நைனா கம்பீரமாக எழுந்து உள்ளே போனார். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தபோது கம்பீரம் இல்லை. பாய் நல்ல மனுஷர். நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

மூன்று நாள் தேடினார்கள். மாமா வழக்கம்போல உட்கார்ந்து கேள்வி கேட்டார். நைனாவுக்கு எதை நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது ஞாபகம் வரவில்லை. தான் வைத்ததே ஞாபகம் இல்லை. ஆகவே தான் வைக்கவே இல்லை என்ற முடிவுக்கு வந்தார். அப்படியானால் வேறு யாரோ எடுத்திருக்க வேண்டும்.

அந்த வாரம்தான் மாமா கையில் ஒரு புது டார்ச் லைட் இருந்தது. ஆவடியில் பட்டாளத்து லாரிகளை ரிப்பேர் செய்யும் கொட்டகையில் அவருக்கு ஒரு சிநேகிதன் இருந்தான், அவன் கொடுத்தது. மாமா அதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லியிருந்தார். ஆனால் டப்பா போனதும் டார்ச் லைட் வந்ததும் நைனாவின் மனசில் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. ஊசியைக் கறுப்பு மார்க்கெட்டில் தள்ளிவிட்டான் என்று முதலில் தனக்குள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் வெளியே சொன்னார். அம்மா அடுக்களையிலிருந்து வந்து கதவோரம் நின்றாள். நைனா ஒரு தாம்பாளத்தில் கற்பூரத்தை ஏற்றி மாமாவுக்கு முன்னால் வைத்தார்.

"நான் எடுக்கலன்னு கற்பூரத்த அணச்சி சத்தியம் பண்ணு. அதோட உட்டுர்றேன்."

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே பரபரப்பு. கையால் அணைத்தால் சுடுமா சுடாதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

"ஊசிக்கெல்லாம் சத்தியம் பண்ண மாட்டேன் மாமா. நான் எடுக்கலன்னு சொன்னா போதும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

கற்பூரம் தானாகவே எரிந்து அணைந்தது. மாமா ஒரு பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு ஆவடிக்குப் போய்விட்டார். அங்கே அந்தச் சிநேகிதனோடு தங்கி, லாரிக் கொட்டகையிலேயே வேலைக்குச் சேர்ந்துகொண்டார் என்று பிறகு சேதி வந்தது. டார்ச் லைட்டைப் பட்டறையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். பத்து நாளில் அதுவும் தேடப்பட்டுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அம்மா நைனாவோடு பேசுவதை நிறுத்தினாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. வேளைக்குச் சோறு நடந்தது. சொல்ல வேண்டியதை மட்டும் என் மூலமாகச் சொன்னாள். "உங்க நைனா கிட்ட சொல்லு, சோறு வெச்சாச்சின்னு." நைனா இரண்டடி தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார், காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நான் போய்ச் சொல்லும் வரை எழுந்திருக்க மாட்டார். பிறகு அவர் பதில் சொல்லுவார், நான் இரண்டடி திரும்பி வந்து அதைச் சேர்ப்பேன். ஆறு மாசம் இந்தத் தந்தியாபீஸ் நடந்தது. எனக்கு எட்டு வயது. இவ்வளவு பெரிய உத்தியோகம் அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை. இரண்டு பக்கமும் வெல்லக்கட்டி கிடைத்தது. சில சேதிகளை என் இஷ்டத்துக்கு நீட்டியும் குறைத்தும் கொடுத்திருக்கிறேன். அந்த ஏற்பாடு முடிந்துவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதாக ஞாபகம் இல்லை.

பட்டறைதான் திண்டாடியது. வீட்டிலேயே தேடத் தெரிந்த ஒரே ஆளைத் திருடியதாகச் சொல்லித் துரத்தியாகிவிட்டது. கழற்றிய மிஷின்கள் கழற்றியபடியே குவிந்தன. ஒரு நாள் நைனா குறட்டைத் தேடித் தேடி அலுத்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அத்த வெக்கும்போது இன்னா நெனச்சிக்கினு இருந்தேன்" என்று தன்னையே கேட்டுக்கொண்டதைப் பார்த்தேன்.

அப்படியே ஆயுத பூஜை வந்தது.

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாச் சாமானும் கிடைக்கிற நாள் அது. காலையிலேயே பட்டறையைக் காலி செய்து, ஒவ்வொன்றையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக அடுக்குவார்கள். கற்பூரம் காட்டிவிட்டால் பிறகு மறுநாள் வரைக்கும் எதையும் தொடக் கூடாது. அன்றைக்கு நைனா இடுப்பு அரைஞாணில் கட்டியிருக்கும் சாவிக்கொத்தைக்கூட அவிழ்த்துப் பூஜைக்கு வைப்பார். குளிக்கும்போதும் தூங்கும்போதும் இடுப்பிலேயே இருக்கிற கொத்து அது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் நாங்கள் அதைக் கையால் தொட முடியும்.

மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய கடியாரம் நின்றுகொண்டிருந்தது. ரிப்பேருக்குக் கொடுத்த ஒரு ரிட்டையர்டு வாத்தியார் அதை வாங்கிப் போகாமலேயே காலமாகிவிட்டார். பிள்ளைகளும் வரவில்லை. செத்தவர் சாமான் என்று நைனா அதைப் பூட்டியே வைத்திருந்தார். அதன் கண்ணாடியைத் துடைக்கச் சொல்லி அம்மா என்னிடம் ஒரு ஈரத்துணியைக் கொடுத்தாள். வெளியே துடைத்துப் பார்த்தேன். அழுக்கு உள்பக்கத்தில் இருந்தது. சாவிக்கொத்து குங்குமப் பொட்டோடு தரையில் கிடந்தது. எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் ஐந்தாவது சாவிக்குக் கதவு திறந்தது.

பெண்டுலத்துக்குப் பின்னால், நைனாவின் பழைய பனியன் துணியில் சுற்றி, டப்பா இருந்தது.

நான் கத்தவில்லை. எதற்கு நான் கத்தவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. மெதுவாகப் போய் நைனாவின் மடியில் வைத்தேன். அரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் துணியைப் பிரித்தார், மூடியைத் திறந்தார். ஊசிகள் அப்படியே இருந்தன. வெகுமதி எதிர்பார்த்து நான் நின்றேன். அவர் டப்பாவைப் பார்த்தார், பிறகு சாவியைப் பார்த்தார், பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்தார். எங்கே இருந்தது என்று தாழ்ந்த குரலில் கேட்டார். சொன்னேன். காதோரம் வியர்த்துவிட்டது அவருக்கு.

"நீ யார் கிட்டயும் ஒண்ணும் சொல்லாத. நானே சொல்லிக்கிறேன்."

பிறகு பனியன் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பட்டறை மேஜைக்கு அடியில் சுவரோரம் ஒரு எலி வளை உண்டு. அதற்கு முன்னால் குப்புறப் படுத்து, கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "அட, இங்க பாரு. டப்பா கெடச்சிடுச்சி. எலி இல்ல இழுத்துக்கினு போயிருக்குது."

அம்மா மாவுக் கையோடு வந்தாள். வளையைக் குனிந்து பார்த்தாள். டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் மண் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. டப்பாவோ வளையை விட அகலம். திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"டேய், உங்க நைனாவக் கேளு. எலி இன்னா சட்டை தெக்கப் போவுதாமா?"

உத்தியோகத்தில் நான் தவறியதே இல்லை. "நைனா, எலி இன்னா சட்டை தெக்கப் போவுதான்னு அம்மா கேக்கறாங்க" என்றேன். பதில் வராத முதல் தந்தி அது.

வேலைகள் தொடர்ந்தன. எல்லாம் தயாரானது. கழுவித் துடைத்த அரம், சுத்தி, உளி, குறடு எல்லாம் பளபளவென்று வரிசையில் இருந்தன. ஓரத்தில் சைக்கிளும் பொட்டு வைத்து, ஹாண்டில்பாரில் சாமந்தி மாலை போட்டு நின்றது. பொரி, கடலை, பழம், பூசணிக்காய், ஒன்றும் பாக்கி இல்லை. வரிசையின் முதல் இடத்தில் அம்மா ஒரு சின்னத் திருப்புளியை வைத்திருந்தாள். மரப்பிடி போட்டது. மாமாவுடையது. நைனா அதைப் பார்த்தார், நகர்த்தவில்லை. கற்பூரம் கேட்டு என்னை அனுப்பினார்.

அம்மா அடுக்களையில் நிதானமாக உட்கார்ந்திருந்தாள்.

"கற்பூரத்த எங்கியோ பத்திரமா வெச்சேன். எங்கன்னு ஞாபகம் வரல. உங்க நைனா கிட்ட சொல்லு, தேடிக் குடுக்கற ஆள் இப்ப நம்ம ஊட்டுல இல்லன்னு."

சேதியைச் சேர்த்தேன். சேர்த்த கையோடு, இதற்கு எதற்கு இவ்வளவு, தெருமுனைக் கடையில் ஓடிப்போய் கற்பூரம் வாங்கிவருகிறேன் என்று கிளம்பினேன். "நீ சும்மா இருடா" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஆறு மாசத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான்.

நைனா சட்டையை மாட்டிக்கொண்டார். வரிசையிலிருந்து சைக்கிளை உருவி, பொட்டும் மாலையுமாகவே மிதித்துக்கொண்டு போனார். ஆவடிப் பக்கம் போகிறார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அங்கேதான் நல்ல கற்பூரம் கிடைக்கும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நல்ல நேரம் போனது. மத்தியானமும் போனது. வடை வாசனையில் நான் அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். சாமிக்குப் படைக்காமல் தொடக் கூடாது என்பதால் எனக்கு அம்மா மேல் கோபம், நைனா மேல் கோபம், எலி மேலும் கோபம். வெயில் சாய்ந்த பிறகு இரண்டு பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒரு பக்கம் நைனா, இன்னொரு பக்கம் மாமா. பருத்திப்பட்டு தாண்டியதும் பஞ்சராம். ஊருக்கெல்லாம் பஞ்சர் ஒட்டுகிற மனுஷனின் பஞ்சர் சாமான் வீட்டில் பொட்டு வைத்து உட்கார்ந்திருந்தது. அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கிறார்கள். வழியில் என்ன பேசினார்கள் என்று தெரியாது. பேசினார்களா என்பதும் தெரியாது. மாமா வந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். எங்கடா கற்பூரம் என்று யாரும் கேட்பதற்கு முன்னால் அம்மா தன் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஒரு வில்லை அதில் இருந்தது. தன் முந்தானையிலேயே வைத்துக்கொண்டு ஞாபகம் வரவில்லையாம். நைனாவோடு குடும்பம் நடத்தி அம்மாவுக்கும் அந்த வியாதி தொற்றிவிட்டது என்று தீர்மானித்தேன்.

நைனா கற்பூரம் ஏற்றினார். மாமா கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு சாப்பாடு. மூன்று இலை போட்டு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம், அம்மா பரிமாறினாள். நைனா எலிக் கதையை ஆரம்பித்தார். எப்படிப் படுத்தார், எப்படிக் கையை விட்டார், டப்பா எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று விஸ்தாரமாகச் சொன்னார். காலையில் அது சாதாரண எலியாகத்தான் இருந்தது. சாயங்காலத்துக்குள் பூனை அளவு வளர்ந்திருந்தது. மாமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார். இவ்வளவு புத்திசாலியான மாமா இதை நம்புகிறாரே என்று எனக்குத் தாங்கவில்லை. நைனா சொல்லக் கூடாது என்ற சேதி தொண்டை வரைக்கும் வந்து நின்றது. பிறகு நிற்கவில்லை.

"எலி இல்ல மாமா. நான்தான் அத்த கடியாரத்துக்குள்ளேர்ந்து எடுத்தேன். கடியாரம் பூட்டியிருந்துச்சி. சாவி நைனா இடுப்புலதான் இருந்துச்சி."

நைனாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. நைனா தலையைத் தூக்கவில்லை. அவ்வளவு பெரிய ஆள் அப்படிக் குனிந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மாமா சோற்றில் ரசத்தை நிதானமாகப் பிசைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலேயே சொன்னார்:

"எலி கிட்டயும் ஒரு சாவி இருக்கும்டா. இந்த ஊட்டு எலியாச்சே."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு வடை இருந்தது. பாத்திரத்தில் மிஞ்சியிருந்த கடைசி வடை. நிஜம் சொன்னவன் என்ற முறையில் அது எனக்குத்தான் என்று நான் இலையில் இடம் ஒதுக்கினேன். அவள் என்னைத் தாண்டிப் போய் நைனாவின் இலையில் வைத்தாள்.

"சாப்டுய்யா. காலைலேர்ந்து வெயில்ல அலஞ்சிருக்க."

வழக்கம்போல நான் நைனாவின் பக்கம் திரும்பினேன். "நைனா, உன்ன சாப்பிடச் சொல்றாங்க" என்றேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. நைனா வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தார். என் குரல் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.